செல்கள் கேப் ஜங்ஷன் புரதங்களை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன? நோய் வந்தால் அந்தப் புரதம் குறைந்துவிடுமா?

கேள்வியின் இரண்டாவது பாதியைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "குறைந்துவிடுமா" என்ற இதே கேள்வியை என் பிஎச்.டி. காலத்தில் ஒருவர் கேட்டு, அதற்கு நான் சொன்ன பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனார். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. நீங்கள் எம்.எஸ்சி. செமினாருக்கோ நெட் பரீட்சைக்கோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் இரண்டு செல்லுக்கு நடுவே குழாய் வைத்த படம் ஒன்று இருக்கும், கீழே நாலு வரி இருக்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

சுருக்கமாக வேண்டுமென்றால்: சில நோய்களில் குறையும், சிலவற்றில் கூடும், பல நேரம் மொத்த அளவு அப்படியே இருக்க, புரதம் இருக்கும் இடமும் அதன் மேல் ஏறியிருக்கும் பாஸ்பேட்டும் மட்டும் மாறியிருக்கும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டியிருக்கும் இரண்டு செல்களை நேரடியாக இணைக்கும் குழாய்ச் சந்திப்புதான் கேப் ஜங்ஷன். கேப் ஜங்ஷனைக் கட்டும் புரதங்களுக்குக் கனெக்சின் என்று பெயர். மனிதர்களுக்கு இருபது சொச்சம் கனெக்சின் மரபணுக்கள் இருக்கின்றன. ஆறு கனெக்சின் வட்டமாகச் சேர்ந்தால் அரைக் குழாய். இந்தச் செல்லின் அரைக் குழாயும் பக்கத்துச் செல்லின் அரைக் குழாயும் முட்டிப் பொருந்தினால் முழுக் குழாய். சுமார் 1000 டால்டன் எடை வரை உள்ள சின்ன மூலக்கூறுகளும் அயனிகளும் இதன் வழியாகப் போய்வரும். புரதமோ டிஎன்ஏவோ போகாது. இப்படிப்பட்ட குழாய்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதுதான் பிளாக் (plaque). பெயருக்குப் பின்னால் வரும் எண் மூலக்கூறு எடை. கனெக்சின் 43 என்றால் 43 கிலோ டால்டன். நான் வேலை செய்தது இந்த 43-இல்தான், அதனால் கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும். ஹெமிசேனல் (ஜோடி சேராத அரைக் குழாய்) எங்கே, பேனெக்சின் (கனெக்சின் மாதிரியே இருக்கும் வேறு புரதக் குடும்பம்) எங்கே என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம், தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சவ்வில் இருக்கும் புரதம் என்றால் ஒரு தடவை செய்து வைத்தால் நாள் கணக்கில் இருக்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். கனெக்சின் அப்படி இல்லை. வளர்க்கும் செல்களில் இதன் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம்வரைதான். எலி இதயத்தில் அளந்தபோது சுமார் 1.3 மணி நேரம் என்று வந்தது. அந்தக் கணக்குப்படி இரவு படுக்கும்போது இருந்த கனெக்சினில் காலை எழும்போது நூற்றில் இரண்டு பங்குகூட மிஞ்சியிருக்காது, மற்றதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாகச் செய்து வைத்தது. நொடிக்கு நொடி துடிக்கிற இதயத்தில், மின் அலையைக் கடத்தும் புரதத்தையே இந்த வேகத்தில் உடைத்துக் கட்டுகிறது உடம்பு. முதலில் படித்தபோது இது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

இவ்வளவு வீணடிப்பு எதற்கு என்று கேட்டால், கட்டுப்பாடே இதில்தான் இருக்கிறது. உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்தாலோ அழிப்பைக் கொஞ்சம் நிறுத்தினாலோ சில மணி நேரத்தில் பக்கத்துச் செல்லுடனான தொடர்பு மாறிவிடும்.

செய்வதிலிருந்து அழிப்பதுவரை ஒவ்வொரு படியிலும் ஒரு பிடி இருக்கிறது. மரபணு மட்டத்துக்கு நல்ல உதாரணம் கருப்பை. கர்ப்ப காலம் பூராவும் கருப்பைத் தசைச் செல்களுக்கு நடுவே கேப் ஜங்ஷன் மிகக் குறைவு. பிரசவ நேரம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜென் பக்கம் கை ஓங்கி, புரோஜெஸ்டிரோனின் பிடி தளர்ந்து, கனெக்சின் 43 மளமளவென்று ஏறும். தனித்தனியாகச் சுருங்கிக்கொண்டிருந்த செல்கள் அப்போதுதான் ஒரே நேரத்தில் சேர்ந்து சுருங்குகின்றன. எலிகளில் பிரசவத்தை ஒட்டி மட்டும் இந்தச் சந்திப்புகள் தோன்றி, முடிந்த கையோடு மறைந்துவிடுகின்றன என்று 1977-லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டிவிட்டார்கள்.

அடுத்தது போக்குவரத்து. பல கனெக்சின்கள் எண்டோபிளாச வலையிலேயே ஆறாகச் சேர்ந்துவிடும். 43 மட்டும் கோல்கை தாண்டும் இடம்வரை தனியாகவே வந்து அங்கேதான் ஆறு பேராகச் சேர்கிறது. பிறகு மைக்ரோட்யூபுல் தடத்தில் ஏறிச் சவ்வுக்குப் போகிறது. பிளாக்கின் ஓரத்தில்தான் புதுக் குழாய்கள் வந்து ஒட்டும், பழையவை நடுவிலிருந்து கழலும். 2002-இல் பழைய கனெக்சினுக்கு ஒரு நிறம், புதியதற்கு வேறு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள். நடுவில் பழைய நிறம், சுற்றிலும் வளையமாகப் புது நிறம். அந்தப் படத்தை உங்கள் செமினாரில் கட்டாயம் போடுங்கள், ஆயிரம் வார்த்தை மிச்சமாகும்.

கழலும் விதம்தான் இன்னும் விசித்திரம். முட்டிப் பொருந்திய இரண்டு அரைக் குழாய்களைச் செல்லால் சாதாரணமாகத் திரும்பப் பிரிக்க முடியாது. அதனால் இரண்டு சவ்வையும் சேர்த்தே ஒரு செல் உள்ளே விழுங்குகிறது. நடுவில் இருந்த காம்பவுண்டு சுவரை ஒரு வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுப் பூச்சோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. உள்ளே போன அந்த உருண்டை செல்லின் செரிமானப் பையான லைசோசோமிலோ, செல் தன் சொந்தக் கழிவைத் தின்னும் ஆட்டோபேஜி வழியாகவோ கரைந்துவிடும். இதற்கு அடையாளக் குறி வைப்பதில் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்துக்கும் பங்கு உண்டு.

இதற்கெல்லாம் மேலே பாஸ்பேட். கனெக்சின் 43-இல் 382 அமினோ அமிலங்கள். அதன் வால் பகுதி செல்லுக்குள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், பாஸ்பேட் ஏற்றும் நொதிகளான கைனேஸ்கள் எல்லாம் வந்து கை வைக்கும் இடம் அதுதான். கேசீன் கைனேஸ் 1 வாலில் 325, 328, 330 ஆகிய செரீன்களில் பாஸ்பேட் வைத்தால் குழாய்கள் பிளாக்கில் நன்றாகச் சேரும். புரோட்டீன் கைனேஸ் சி 368-ஆம் செரீனில் வைத்தால் கடத்தல் குறையும். மேப் கைனேஸ் 255, 279, 282-இல் வைத்தாலும் அடைப்புதான். சார்க் கைனேஸ் 247, 265 ஆகிய டைரோசின்களில் வைத்தாலும் அப்படியே. ஆக, "பாஸ்பேட் ஏறினால் திறக்கும், இறங்கினால் மூடும்" என்று ஒற்றை வரியில் எழுதினால் தப்பு. எந்த இடத்தில், யார் வைத்தது என்பதுதான் கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

சரி, என் கதை. எலி இதயத்தில் ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் கனெக்சின் 43 என்ன ஆகிறது என்பது என் வேலையில் ஒரு பகுதி. இதயம் வெளியே எடுத்து, குழாயில் தொங்கவிட்டு, திரவம் செலுத்தித் துடிக்க வைக்கும் ஏற்பாடு. அதிலிருந்து எடுத்த சாம்பிளில் புரதம் பிரித்து ஜெல் ஓட்டி பிளாட் (western blot, புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் கோடாகக் காட்டும் முறை) போட வேண்டும். கனெக்சின் 43 பிளாட் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒற்றை பேண்டாக வராது. 41-க்கும் 46 கிலோ டால்டனுக்கும் நடுவே நெருக்கி அடித்து மூன்று கோடு. கீழே இருப்பது பாஸ்பேட் ஏறாத பி-ஜீரோ, மேலே பி-ஒன், பி-டூ. பாஸ்பேட் ஏற ஏறக் கோடு மேலே போகும். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸ் போட்டு வைத்தால் மூன்றும் கீழே இறங்கி ஒன்றாகிவிடும். ஜெல்லை அவசரமாக ஓட்டினால் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரு தடித்த திட்டாகத் தெரியும், ஒன்றும் சொல்ல முடியாது. வோல்டேஜைக் குறைத்து வைத்து, டை கீழே போன பிறகும் விட்டு வைத்து, டார்க் ரூமில் ஃபிலிமைக் கழுவித் தூக்கிப் பிடிக்கும்போது மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிந்தால் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை வீட்டில் யாருக்கும் விளக்க முடியாது.

என் பிளாட்டில் தெளிவாக வந்தது இதுதான்: ரத்த ஓட்டம் நின்ற இதயத்தில் மேல் கோடுகள் மங்கி, பி-ஜீரோ தடித்திருந்தது. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய அதே அளவு. நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் இரு முனைகளிலும் பளிச்சென்று கோடு போல் இருக்க வேண்டிய நிறம் பக்கவாட்டில் சிதறியிருந்தது. இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, 2000-லேயே எலி இதயத்தில் காட்டி அச்சாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு மருந்து கொடுத்தால் மாறுமா என்பதுதான் எங்கள் கேள்வி. அதை டிசி மீட்டிங்கில், அதாவது பிஎச்.டி. வேலையைச் சரிபார்க்கும் டாக்டரல் கமிட்டி முன்னால், வைத்தேன். கமிட்டியில் இருந்த ஒரு சார் ஸ்லைடை ஒரு தடவை பார்த்துவிட்டு, "டோட்டல் குறையலையேம்மா, அப்புறம் இதுல என்ன இருக்கு? வேற புரோட்டீன் பாருங்க" என்றார். பி-ஜீரோ பற்றிச் சொன்னேன். "பேண்ட் கொஞ்சம் மேல கீழ வர்றதெல்லாம் ஜெல் சரியா ஓடாததால" என்றார். ஆல்கலைன் பாஸ்படேஸ் போட்ட பிளாட் அடுத்த ஸ்லைடில் இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை, வேறு மீட்டிங் இருந்தது.

கைடு மேடம் வெளியே வந்து ஒன்று சொன்னார்: "அவரு கேட்டதுக்குக் கோபப்படாதே. டிரைட்டன்ல பிரிச்சுக் காட்டு." இதைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும். பிளாக்கில் குவிந்த கனெக்சின் 43 ஒரு சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு மாதிரியான கரைசலில் கரையாது. பிளாக்கில் சேராமல் சுற்றிக்கொண்டிருப்பது கரையும். செல்லை டிரைட்டனில் போட்டு வேகமாகச் சுழற்றினால் பிளாக்கில் இருந்தது அடியில் தங்கும், மற்றது மேலே நிற்கும். மொத்தமாகப் பார்த்தால் ஒரே அளவாகத் தெரிவது, இப்படி இரண்டாகப் பிரித்தால் வேறு கதை சொல்லும். அடுத்த மீட்டிங்கில் அதைக் காட்டினேன். அந்த சார் வரவில்லை. கையெழுத்து மட்டும் பிறகு வந்தது.

இதை எழுதினால் "பெரியவர்களைக் குறை சொல்கிறாய்" என்று யாராவது வருவார்கள். ஊர், பெயர் எதுவும் சொல்லவில்லை, அவர் வேறு துறையில் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. தெரியாத விஷயத்தில் ஒரு ஸ்லைடு கூடுதலாகப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

குழாய் திறந்திருக்கிறதா என்று உடனே தெரிய வேண்டுமென்றால் டை வைத்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. தட்டில் செல்கள் அடர்ந்து வளர்ந்திருக்கும்போது லூசிபர் யெல்லோ கரைசலை ஊற்றி, பிளேடால் ஒரு கீறல். கீறல் விழுந்த செல்லுக்குள் டை போகும், அங்கிருந்து கேப் ஜங்ஷன் வழியாக அடுத்தடுத்த வரிசைக்குப் பரவும். அதன் எடை 457 டால்டன்தான், தாராளமாகப் போகும். சில நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் கீறலின் இரு பக்கமும் மஞ்சள் பச்சையாகப் பட்டை விரிந்திருக்கும். அதே செல்லில் புரோட்டீன் கைனேஸ் சி-யைத் தூண்டும் ஃபார்பால் எஸ்டர் போட்டு வைத்துவிட்டுக் கீறினால், டை முதல் வரிசையைத் தாண்டாது. அரை மணி நேரத்துக்குள்ளேயே இது நடந்துவிடும், அந்த நேரத்தில் பிளாட் போட்டால் புரதம் இருக்கும். அளவு இருந்தும் வழி அடைத்துவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா? அப்போது இந்தப் படமும் என்னிடம் இருந்தது.

ஆன்டிபாடி விஷயத்திலும் ஜாக்கிரதை. பாஸ்பேட் இல்லாத வடிவத்தை மட்டுமே பிடிக்கிற கனெக்சின் 43 ஆன்டிபாடி ஒன்று சந்தையில் ரொம்ப நாளாக இருக்கிறது. அது தெரியாமல் வாங்கிப் போட்டால், பாஸ்பேட் இறங்கியதை "புரதம் கூடிவிட்டது" என்று எழுதிவிடுவீர்கள். அட்டையில் எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள்.

ஆன்டிபாடி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் ஆராய்ச்சி ஏன் மெதுவாக நடக்கிறது என்று டிவியில் விவாதம் வைப்பவர்கள் ஒரு ரிசர்ச் ஸ்காலரின் பாஸ்புக்கை வாங்கிப் பார்க்க வேண்டும். பெல்லோஷிப் என்று பெயர், மாதா மாதம் வராது. மாதக் கணக்கில் நின்றுவிட்டு ஒரு நாள் மொத்தமாக வரும், அதற்குள் ஹாஸ்டல் மெஸ் பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டியிருப்பார்கள். ஒரு தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கச் சீனியர் அக்காவிடம் கடன் வாங்கினேன். வீட்டில் மாமா வந்து "இன்னும் படிச்சுக்கிட்டேவா இருக்கே, கவர்மென்ட் காசு தர்றாங்களாமே" என்று கேட்டபோது என்ன பதில் சொல்வது? வெளிநாட்டிலிருந்து வரும் ஆன்டிபாடி சுங்கத்தில் மாட்டி, ஐஸ் எல்லாம் ஆவியாகி, வெதுவெதுப்பாக வந்து சேர்ந்த கதையும் உண்டு. மாற்றித் தரச் சொல்லிப் போட்ட மெயில்களை அடுக்கினால் தீசிஸ் அளவு வரும். சரி, விடுங்கள்.

நோய்களுக்கு வருகிறேன். இதயத்தில் நடப்பதை மேலே சொன்னேன். அதே இதயத்தில், நாள்பட்ட செயலிழப்பு என்று போனால் மொத்த அளவும் குறைகிறது, அதையும் மறைக்கவில்லை. இதயத் தசையில் மட்டும் கனெக்சின் 43 இல்லாமல் செய்த சுண்டெலிகள் பிறந்து, வளர்ந்து, இரண்டு மாதத்துக்குள் இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று செத்துப்போயின. 2001-இல் வந்த வேலை. அவற்றின் இதயம் சுருங்குவதில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, மின் அலை ஒழுங்காகப் பரவாததுதான் கொன்றது.

கூடுவதால் வரும் தொல்லைக்குச் சர்க்கரை நோய்ப் புண்ணைப் பாருங்கள். நல்ல தோலில் காயம் பட்டால், ஓரத்தில் உள்ள செல்கள் ஓரிரு நாளில் கனெக்சின் 43-ஐக் குறைத்துக்கொண்டு, அதன் பிறகு நகர்ந்து போய்க் காயத்தை மூடுகின்றன. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் இது தலைகீழ்: காயத்தின் ஓரத்தில் கனெக்சின் 43 குறைவதற்குப் பதில் கூடுகிறது, செல்கள் நகராமல் அங்கேயே தடித்து நிற்கின்றன. அந்தக் கூடுதலை ஆன்டிசென்ஸ் (அந்த மரபணுவின் செய்தியை மட்டும் தடுக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) வைத்துத் தடுத்தால் காயம் மூடும் வேகம் திரும்ப வருகிறது. 2007-இல் இது வந்தது. மனிதர்களின் ஆறாத புண்களிலும் கனெக்சின் 43 கூடுதலாக இருப்பதைப் பிறகு பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் கால் புண் ஆறாமல் அவதிப்படும் ஒருவராவது இல்லாமல் இருக்க மாட்டார், ஆனால் இந்தப் பக்கம் ஆராய்ச்சி என்றால் நம் ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

மரபணுவே கெட்டுப்போன நோய்கள் வேறு வகை. பிறவியிலேயே காது கேளாமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கனெக்சின் 26 செய்யும் ஜிஜேபி2 மரபணுவில் வரும் பழுது. ஐரோப்பியர்களிடம் ஒரு மாற்றம் அதிகம், கிழக்கு ஆசியர்களிடம் வேறொன்று, இந்தியாவில் அதிகம் பார்ப்பது 24-ஆம் இடத்தில் டிரிப்டோபேனுக்குப் பதில் முற்றுப்புள்ளி விழும் மாற்றம். புரதம் தொடங்கிய உடனே நின்றுவிடும். அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் காது கேட்காது, அதனால்தான் அத்தை மகன், மாமா மகள் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. இது கட்டுப்பாடு தவறியதால் வரும் நோய் இல்லை, ஆளே இல்லாததால் வருவது. இரண்டையும் ஒரே ஸ்லைடில் கலந்து போடாதீர்கள். கனெக்சின் 32 பழுதானால் கை கால் நரம்புகள் பாதிக்கும் சார்கோ-மேரி-டூத் நோயின் ஒரு வகை, 46-உம் 50-உம் பழுதானால் பிறவிக் கண்புரை, இவையும் அந்தப் பட்டியல்தான்.

புற்றுநோயைப் பற்றி எழுதினால் தனிப் பதிலே வேண்டும். 1966-இல் கல்லீரல் புற்றுச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்று காட்டியதிலிருந்து "கேப் ஜங்ஷன் போனால் புற்றுநோய்" என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். பிறகு பார்த்தால் பரவும் கட்டத்தில் சில புற்றுகள் அதே கனெக்சினைத் திரும்ப உபயோகிக்கின்றன. எந்தப் புற்று, எந்தக் கட்டம் என்று சொல்லாமல் யாராவது ஒரே வரியில் முடித்தால் நம்பாதீர்கள்.

கடைசியாக, கேட்காததற்கும் ஒரு பதில். கேப் ஜங்ஷனை மூட ஆய்வகத்தில் நாங்கள் சாதாரணமாகப் போடும் பொருள் கிளைசிரெட்டினிக் அமிலம், நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரத்திலிருந்து வருவது. இதை ஒருமுறை வீட்டில் சொல்லப்போய், என் பெரியம்மா அதை வாட்ஸ்அப் குரூப்பில் "அதிமதுரம் செல்களைச் சீராக்கும்" என்று போட்டுவிட்டார். சீராக்காது, மூடும், அதுவும் தட்டில் நேரடியாக ஊற்றுகிற அளவில். அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும், அது நிச்சயம். நான் டாக்டர் இல்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஒரு கம்பெனியில் வேறு வேலையில் இருக்கிறேன், பிளாட் போட்டுப் பல காலம் ஆகிறது. ஜெல் சதவீதம், டிரைட்டன் பிரிப்பு மாதிரி குறிப்பாக ஏதாவது கேட்டால் பழைய நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் முடியும். ஸ்லைடு செய்து தரச் சொல்லி இன்பாக்ஸில் வர வேண்டாம்.